பின்பெட்டியில் பெரிய அம்ப்பா, சீட்டுக்கு அடியில் சின்ன அம்ப்பா? இரண்டு கார்களில் நான் பார்த்தது

சுங்கை சிப்புட்டில் குடியிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் கழிகிறது. ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை நான் கேட்பது அந்த நேரத்தில் மட்டும்தான். அதனாலேயே காரோடு வந்த ரேடியோ போதாமல் போய், இரண்டு முறை வெளி அம்ப்ளிஃபையர், சுருக்கமாக அம்ப், வைத்தேன். முதல் முறை பழைய புரோட்டோன் சாகாவில்: பின்பெட்டியில் பெரிய அம்ப், 12 அங்குல சப்வூஃபர் (அடி சத்தத்துக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர்), புது பிளேயர். இரண்டாவது முறை இப்போது ஓட்டும் பெரோடுவா பெஸ்ஸாவில்: முன் சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தக அளவு அம்ப், ரேடியோ காரோடு வந்த அதே ரேடியோ.

தோட்டத்துப் பையன்கள் கார் வாங்கியதும் இந்த இரண்டில் எதைப் போடலாம் என்று வந்து கேட்கிறார்கள். "அண்ணே, பன்னெண்டு இஞ்சி போட்டாத்தானே அதிரும்?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. அதிரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் சின்ன அம்ப் பக்கம்தான் நிற்கிறேன். என்னை அந்தப் பக்கம் தள்ளியது வயரிங். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில், அம்ப் எதற்கு என்று பார்த்துவிடலாம். காரோடு வரும் ரேடியோவுக்குள் சின்னதாக ஒரு சிப் இருக்கும். நான்கு ஸ்பீக்கருக்கும் அதுதான் அம்ப். அதற்குக் கிடைப்பது காரின் மின்னழுத்தம் மட்டுமே. இஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு 26 வாட்டைத் தாண்டவே முடியாது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த எண்தான் வரும். சிப்புக்குள் போகிற இழப்பைக் கழித்தால், கரகரப்பு இல்லாமல் கைக்குக் கிடைப்பது 15 முதல் 20 வாட். ரேடியோ முகப்பில் '50 வாட் x 4' என்று அச்சடித்திருப்பது, ஒலி அலை உச்சியில் வெட்டுப்பட்டுச் சதுரமாகிற அளவுக்கு முறுக்கி எடுத்த எண். அந்த நிலையில் யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள்.

வெளி அம்ப்புக்குள் வேறொரு வேலை நடக்கிறது. பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட்டை அது முதலில் உள்ளேயே உயர்ந்த அழுத்தமாக ஏற்றிக்கொள்கிறது. பிளஸ் பக்கம் 25, மைனஸ் பக்கம் 25 என்கிற மாதிரி. அதன் பிறகுதான் ஒலியைப் பெருக்குகிறது. அதனால்தான் 26 வாட் என்ற சுவர் அதற்குக் கிடையாது.

ஆனால் வாட் கூடினால் சத்தமும் அதே அளவு கூடும் என்று நினைக்க வேண்டாம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் ஏறும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். என் ரேடியோவின் 18 வாட்டிலிருந்து இப்போதைய 60 வாட்டுக்குப் போனதில் கிடைத்தது 5 டெசிபெல் சொச்சம். அந்த 5 டெசிபெல் எங்கே தெரிகிறது என்றால், அடி சத்தத்தில், அதாவது பேஸில். உறுமி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு வருமே ஓர் உறுமல், அது பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட 'டப் டப்' என்று சுருங்கிவிடும். சிப்பிடம் மூச்சு இல்லை. அம்ப் வந்த பிறகு அதே சத்தத்தில் அந்த உறுமல் முழுசாக வருகிறது. தவிலின் தொப்பிப் பக்கமும் அப்படித்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் டயர் இரைச்சலுக்கு மேலே நாதஸ்வரத்தையும் தவிலையும் தனித்தனியாகக் கேட்க முடிவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதாதா என்றால், ரேடியோவின் 18 வாட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் கொஞ்சம் தெளிவைக் கொடுக்கும், பலத்தைக் கொடுக்காது. ஆண்ட்ராய்டு பிளேயர் போட்டால் திரை பெரிசாகும், வரைபடம் வரும். அதற்குள் இருப்பதும் அதே வகைச் சிப்தான். இந்த இரண்டையும் இதோடு விட்டுவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். இணையக் கடைகளில் 'பிளக் அண்ட் பிளே டிஎஸ்பி அம்ப்' என்று கையடக்கப் பெட்டி நிறைய வருகிறது. ரேடியோவின் பின்னால் மாட்டினால் போதும், பேட்டரிக்கு வயர் இழுக்கவே வேண்டாம் என்பார்கள். பேட்டரிக்கு வயர் வேண்டாம் என்று சொன்னாலே யோசியுங்கள். அது ரேடியோவின் சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. அங்கே 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், உள்ளே போவதே 144 வாட்தான். அதை நான்காகப் பிரித்து, வீணாகும் சூட்டையும் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். விலை குறைந்த பலவற்றில் ரேடியோவில் இருக்கும் சிப்பே இன்னொரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். டிஎஸ்பி என்கிற ஒலிச் சீரமைப்பு அதில் உண்மையாக இருக்கலாம், சத்தம் திருந்தியது போலவும் கேட்கும். ஆனால் வாட் கூடியிருக்காது. நான் பேசுகிற சின்ன அம்ப் அது இல்லை. ஒலிக்கு ரேடியோ சாக்கெட், மின்சாரத்துக்குப் பேட்டரியிலிருந்து தனி வயர்: அந்த வகை.

இனி சாகாவின் கதை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு கடையில் முழுச் செட்டையும் போட்டுக்கொடுத்தார்கள். கேட்ட முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் அந்த அடி சத்தத்தைக் குறை சொல்ல மாட்டேன். லயத்துச் சடக்கில் கார் திரும்பும்போதே எங்கள் வீட்டுத் தகரம் அதிரும், அம்மா வெளியே வந்து நிற்பார். அந்த அடிக்கு சின்ன அம்ப் எந்தக் காலத்திலும் ஈடாகாது. 12 அங்குலக் கூம்பு தள்ளுகிற காற்றை 6.5 அங்குலக் கதவு ஸ்பீக்கர் தள்ள முடியாது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிற இசைதான் உங்களுக்கு உயிர் என்றால், இதற்கு மேல் படிக்காமல் பெரிய செட்டையே போடுங்கள். ஆனால் வயரிங் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து இஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு 'ஙீ' சத்தம் ஸ்பீக்கரில் வர ஆரம்பித்தது. அப்புறம் டாஷ்போர்டு விளக்கு மினுக்கியது. நம்மூரில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். ரேடியோவை வெளியே இழுத்துப் பார்த்தவர் உடனே உள்ளே தள்ளிவிட்டார். "யாரு செஞ்ச வயரிங்னு தெரியலை தம்பி. நான் ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு போயிடும். போட்ட கடைக்கே கொண்டு போங்க" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. காரோடு வந்த சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, பதினாறு பதினேழு வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, டேப் நழுவி, செம்பு வெளியே தெரிந்தது. எந்த வயர் எந்த வேலைக்கு என்று எழுதி வைக்க ஆளில்லை. வெட்டுவதற்கு முன் இருந்த வண்ண வரிசை கார் கம்பெனியின் வயரிங் படத்தில் இருக்கும். வெட்டிய பிறகு இருப்பது, அன்றைக்கு வேலை செய்தவரின் ஞாபகத்தில் மட்டும். நான் திரும்பப் போனபோது அவர் அந்தக் கடையில் இல்லை.

பெரிய நகரத்தில் இருப்பவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கலாம். அங்கே தெருவுக்கு ஒரு ஆடியோ கடை, ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்தவர். நம்மைப் போன்ற தோட்டப் பட்டணத்தில், ஏதாவது ஒன்று என்றால் சனிக்கிழமை லீவைத் தியாகம் செய்து ஈப்போவுக்கு ஓட வேண்டும். லிந்தாங் பக்கமோ ஜாலோங் பக்கமோ இருப்பவர்களுக்கு இன்னும் தூரம். ஆகவே காரில் எதைப் போட்டாலும், கெட்டுப்போனால் நாமே கழற்றி, பழையபடி மாட்டி, மறுநாள் காலை வேலைக்குப் போக முடியுமா என்பதை முதலில் கேட்கிறேன். சாகாவில் முடியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. எங்கள் வீடு செம்பனைக் காட்டின் ஓரத்தில். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும்; பழக்குலையைத் தின்னவே அது அங்கே வாழ்கிறது. தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்ப்பதே இந்த எலிக்காகத்தான். இரவில் சூடான இஞ்சினுக்குள் எலி ஏறிப் படுப்பதும், வயரைக் கடிப்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு நாள் காலை எண்ணெய் பார்க்க பொன்னெட்டைத் திறந்தேன். அம்ப்புக்குப் போகும் தடித்த சிவப்பு வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குக் கடிபட்டு, உள்கம்பி பளிச்சென்று தெரிந்தது. காரின் இரும்பு அதற்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. அந்த வயரில் ஃபியூஸ் எங்கே என்று தேடிப் போனால், அது பின்பெட்டியில் அம்ப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

இது எவ்வளவு ஆபத்து என்று புரிய வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது தனக்குப் பின்னால் வருகிற வயரைத்தான். பேட்டரியிலிருந்து பின்பெட்டி வரை நான்கு ஐந்து மீட்டர் வயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடுகிறது என்றால், பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த கார் இரும்பை நடுவில் எங்கே தொட்டாலும் பேட்டரி தன் முழு மின்னோட்டத்தையும் அதற்குள் கொட்டும், நூற்றுக்கணக்கான ஆம்பியர். வயர் சிவந்து, கார்ப்பெட் பற்றும். அதனால்தான் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். அன்றைக்கே பேட்டரி முனையில் வயரைக் கழற்றிவிட்டேன். அந்த வாரம் முழுக்கப் பாட்டு இல்லாமல் வேலைக்குப் போனேன்.

கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வயரின் வெட்டு முனை செம்பு நிறமாக இல்லை, வெள்ளையாக இருந்தது. உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அலுமினியம் செம்பைப் போல 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். அதே தடிமனில் சூடு அதிகம், அழுத்த இழப்பும் அதிகம். நம் ஊர் ஈரக் காற்றில் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்து, பிடிப்பு தளர்கிறது. விளக்கு மினுக்கியதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, அதற்குள் காரை விற்கும் நேரம் வந்துவிட்டது.

விற்கும்போது பழைய கார் வாங்குகிறவர் செய்த முதல் வேலை, ரேடியோவுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தது. பேசி வைத்த விலையில் 700 வெள்ளி குறைத்தார். "ரேடியோ பெறுமதி எனக்கு வேணாம், ஒரிஜினல் சாக்கெட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. செட்டுக்கு நான் கொடுத்த பணம் ஒன்றும் திரும்பவில்லை. சப்வூஃபர் பெட்டி மட்டும் இன்னும் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

பெஸ்ஸாவை 2021-ல் புதிதாக எடுத்தேன். மூன்று வருடம் ரேடியோவை அப்படியே வைத்திருந்தேன். பெரோடுவா தருகிற உத்தரவாதம் ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர். அது ஓடிக்கொண்டிருக்கும்போது கார் வயரில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்புறம்தான் சாக்கெட் வழி இருப்பது தெரிந்தது. அதன் அமைப்பு எளிது. ரேடியோவின் பின்னால் இருக்கும் சாக்கெட்டைப் பிடுங்கி, நடுவில் ஆணும் பெண்ணுமாக இரண்டு முனை கொண்ட ஓர் இணைப்புக் கயிற்றை மாட்டுகிறோம். ரேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலி திரும்பி அம்ப்புக்குப் போகும். அம்ப் பெருக்கிய ஒலி அதே கயிற்றில் திரும்பி வந்து, காரின் சொந்த ஸ்பீக்கர் வயர்களில் ஏறும். ஒரு வயரும் வெட்டுப்படாது. கழற்ற வேண்டுமென்றால் கயிற்றை உருவிவிட்டு, பழைய சாக்கெட்டை ரேடியோவில் குத்த வேண்டியதுதான். எனக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது, இரண்டு முறை செய்து பார்த்தேன்.

இதற்கு அம்ப்பில் 'ஹை லெவல் இன்புட்' இருக்க வேண்டும், அதாவது ஸ்பீக்கர் வயரின் ஒலியை நேராக வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ ஆனாகும்போது அதன் ஸ்பீக்கர் வயர்களில் ஆறேழு வோல்ட் நிற்கும். நல்ல அம்ப் அதைப் பார்த்துத் தானாகவே எழும், தனியாக ஒரு ரிமோட் வயர் இழுக்க வேண்டாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ரேடியோவின் ஸ்பீக்கர் மைனஸ் என்பது தரை (எர்த்) இல்லை. அதைக் காரின் இரும்பில் சேர்த்துவிட்டால் ரேடியோவின் சிப் போய்விடும். சாக்கெட் கயிறு வாங்கும்போது உங்கள் காரின் மாடலையும் வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சாக்கெட்டுகளில் முள் வரிசை மாறும்.

மின்சார வயரை நானே பக்கத்தில் நின்று இழுக்கச் சொன்னேன். கணக்கு இது: நான்கு 60 வாட் என்றால் 240. டி வகுப்பு அம்ப் உள்ளே போவதில் 80 சதவீதத்தை ஒலியாக்கும் என்று வைத்தால், உள்ளே 300 வாட் போக வேண்டும். 14.4-ஆல் வகுத்தால் 21 ஆம்பியர். அதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸ், 8 கேஜ் முழுச் செம்பு வயர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில். இஞ்சின் பக்கத்தில் ஓடும் வயர் முழுக்க நெளிக் குழாய்க்குள். இஞ்சினுக்கும் காரின் உட்பக்கத்துக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம். தரை வயருக்கு சீட் போல்ட்டுக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வைத்து, அரை மீட்டருக்குள் முடித்து, மேலே துரு பிடிக்காமல் மீண்டும் பெயிண்ட் பூசினோம். சாகாவில் 'ஙீ' என்று கேட்டதே, அது பெரும்பாலும் தரை சரியில்லாததாலும், ஒலி வயரும் மின்சார வயரும் ஒரே பக்கத்தில் ஒட்டி ஓடியதாலும் வருவது. பெஸ்ஸாவில் மின்சாரம் இடது ஓரம், ஒலி நடுப்பக்கம். இதுவரை அந்தச் சத்தம் இல்லை.

எலி? குழாயையும் கடிக்கும். ஆனால் கடித்துச் செம்பு இரும்பைத் தொட்டாலும் ஃபியூஸ் போகும், அதோடு நின்றுவிடும். எனக்கு வேண்டியது அந்த நிம்மதி. மாதம் ஒரு முறை பொன்னெட்டைத் திறந்து அந்த ஒரு மீட்டரைக் கையால் தடவிப் பார்க்கிறேன்.

சீட்டுக்கு அடியில் வைப்பதில் ஒரு பலவீனம் உண்டு, அது தண்ணீர். ஏர்கோன் தண்ணீர்க் குழாய் அடைத்தால், இடது பக்கத் தரையில்தான் முதலில் ஈரம் கசியும். மழையில் நனைந்த செருப்பு, பிள்ளைகள் கவிழ்க்கும் மைலோ எல்லாம் அங்கேதான். ஆகவே அம்ப்பைக் கார்ப்பெட்மேல் நேராக வைக்காமல், ரப்பர் கால் வைத்த பலகையில் இரண்டு சென்டிமீட்டர் தூக்கி வைத்தேன். சூடு பிரச்சினை இல்லை. சாகாவின் பழைய ஏபி வகுப்பு அம்ப் உள்ளே போவதில் பாதிக்குக் கிட்டத்தட்டச் சூடாக்கிவிடும். மத்தியானத்தில் தொட முடியாது. இது வெதுவெதுப்போடு நிற்கிறது.

பின்பெட்டி மிச்சமாவது யாரும் சொல்லாமலே தெரியும். 508 லிட்டர் என்று பார்த்துத்தான் பெஸ்ஸாவை வாங்கினேன். மாதச் சாமானும் பிள்ளைகள் சைக்கிளும் போக வேண்டிய இடத்தில் மரப்பெட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை.

பேட்டரியையும் சொல்ல வேண்டும். நம் சின்னக் கார்களில் பலவற்றில் இருக்கும் என்எஸ் 40 வகை பேட்டரி 35 ஆம்பியர் மணி. என் மச்சான் ஒரு தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் காரை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, பெரிய செட்டில் பக்திப் பாட்டு வைத்தார். சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு காலி. கிளம்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சின்ன அம்ப்பும் இஞ்சின் நிற்கும்போது பேட்டரியைத்தான் தின்னும், ஆனால் மிதமான சத்தத்தில் எனக்கு இதுவரை அந்த நிலை வரவில்லை. இரண்டாவது பேட்டரி, பெரிய ஆல்டர்னேட்டர் என்று போகிறவர்களின் அனுபவம் என்னிடம் இல்லை. அதில் நான் கருத்துச் சொல்வது சரியாகாது.

எனக்கு ஆன செலவு மொத்தம் 1,300 வெள்ளிக்குச் சற்று மேல். அம்ப் பாதிக்கு மேல்; மிச்சம் சாக்கெட் கயிறு, செம்பு வயர், கூலி, கதவுக்கான ஒட்டுத் தாள். அந்தக் கடைசிச் சாமானைக் குறைத்துவிடாதீர்கள். கதவின் உள்தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் அந்த ஓட்டை வழியாகச் சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும், அடி சத்தம் காணாமல் போகும். பியூட்டைல் என்கிற ரப்பர் வகைத் தாள் ஒட்டி அதை மூடியபோது எனக்குக் கிடைத்த வித்தியாசம், அம்ப் கொடுத்ததில் பாதியாவது இருக்கும். கீழே மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். முன் கதவு இரண்டுக்கும்தான் செய்தேன். பின் கதவுக்குத் தேவையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்ப்பில் இருக்கும் 'கெய்ன்' திருகு, ரேடியோவிலிருந்து வரும் ஒலிக்கு அம்ப்பைப் பொருத்துவதற்கு. அதைச் சத்தத் திருகு என்று நினைத்துக் கடைசி வரை திருப்ப வேண்டாம். ஸ்பீக்கரைக் கழற்றி, ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, அம்ப் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்துப் பிடியுங்கள். 60 வாட்டுக்கு 4 ஓமில் 15.5 வோல்ட். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஒலி வெட்டுப்பட்டு, முதலில் ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) கருகும்.

டிஎஸ்பி பற்றி ஒரு வார்த்தை. என் அம்ப்பில் இருக்கிறது, போனில் இருந்து சரிசெய்யலாம். ஓட்டுநருக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கரைச் சில மில்லிசெகண்ட் தாமதிக்க வைத்தால், குரல் வலது கதவிலிருந்து நகர்ந்து டாஷ்போர்டு நடுவுக்கு வருகிறது. கேட்க அழகாக இருக்கிறது. சத்தம் கூடும்போது சில கார் ரேடியோக்கள் அடி சத்தத்தைத் தாமே குறைத்துவிடும், அதையும் இது கொஞ்சம் ஈடுகட்டும் என்கிறார்கள். என் ரேடியோ அப்படிச் செய்கிறதா என்று அளந்து பார்க்கவில்லை. இந்தச் சின்னப் பெட்டிகள் நம் சூட்டில் ஐந்தாறு வருடம் தாங்குமா என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. சாகாவின் பெரிய அம்ப் ஏழு வருடத்தில் ஒரு நாளும் தானாகப் பழுதாகி நிற்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடி சத்தம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று எனக்கே சில நாள் தோன்றுகிறது, முக்கியமாக உறுமி கேட்கும்போது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் போகிற 8 அங்குலத் தட்டையான சப்வூஃபரை நண்பர் காரில் கேட்டேன். 12 அங்குலத்தின் ஆழம் இல்லை, ஆனால் கதவு ஸ்பீக்கர் விட்ட இடத்தை நிரப்புகிறது. தீபாவளி போனஸ் வந்தால் அதை வாங்கலாம் என்றிருக்கிறேன். அதுவும் அதே சாக்கெட் கயிற்றிலிருந்து ஒலி எடுக்கும், அதற்குத் தனி ஃபியூஸ். காரை விற்கும் நாள் வந்தால் எல்லாவற்றையும் ஒரு காலைப் பொழுதில் கழற்றி எடுத்துவிடலாம். அடுத்த காருக்குப் புதிதாக வாங்க வேண்டியது அந்த மாடலுக்கு ஏற்ற சாக்கெட் கயிறு மட்டும்தான்.